காக்கை எண்

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இது ஊரறிந்த பழமொழி. அந்தப் பொன் எத்தனை மாற்று என்று உரசிப் பார்க்க ஒரு பெட்டியைச் செய்து வைத்துக்கொண்டு சிலர் சம்பளம் வாங்கினார்கள். மேட்டுப்பாளையத்தைத் தாண்டி மலைச்சாலை ஏறத் தொடங்கும் இடத்தில் முப்படைத் தேர்வகம் என்று ஒரு கட்டடம் இருந்தது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் நடுவில் உட்கார்ந்து, எந்தப் பக்கமும் சாயாமல் முடிவெடுக்கக்கூடிய ஆட்களைப் பொறுக்கி எடுப்பது அவர்கள் பிழைப்பு. அவர்களுக்குத் தலைவி விங் கமாண்டர் பெர்னதெத். தூத்துக்குடிக்காரி, விமானப்படையின் மனநல அதிகாரி, கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் பாதிப் பேர் பயப்படுவார்கள். மீதிப் பேர் பேசிப் பார்த்துவிட்டுப் பயப்படுவார்கள்.

இப்படியொரு பெட்டிக்கு அவசியம் வந்தது முத்துத்திட்டில். சண்டையின்போது அந்தத் தீவில் நம் தரைப்படையினர் சுற்றி வளைக்கப்பட்டுக் கிடந்தார்கள். மேலே விமானத் துணை இல்லாமல் கப்பலை உள்ளே விடமாட்டேன் என்றது கடற்படை. கப்பல் போய் எதிரியின் ஏவுகணைகளை அடக்காமல் விமானத்தை அனுப்பமாட்டேன் என்றது விமானப்படை. யாரும் கோழையில்லை, துரோகியுமில்லை. அவரவர் தத்தம் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டார்கள். தீவில் கிடந்தவர்கள் அந்த இருவரில் யாருக்கும் பிள்ளைகளில்லை, அதனால் செத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் பெட்டி வந்தது. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் வாய்க்குள் நுழையாது. தேர்வகத்தில் எல்லோரும் காக்கா என்றே சொன்னார்கள். ஆளை நாற்காலியில் உட்கார வைத்துத் தலையில் ஒரு கவசத்தை மாட்டுவார்கள். கண் முன்னால் முகங்கள் வரும். முதலில் சொந்தப் படைக்காரன் ஒருவன் அடிபட்டுக் கிடப்பான். அடுத்து வேறு படைக்காரன். முன்னவனுக்கு மனம் எவ்வளவு துடித்தது, பின்னவனுக்கு எவ்வளவு துடித்தது என்று பெட்டி அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து ஓர் எண்ணைத் திரையில் காட்டும். அதுதான் காக்கை எண். பெரிய எண் வந்தால் ஆள் தன் படைக்கு விசுவாசி, நடு நாற்காலிக்கு ஆகாதவன். சுழியத்தை ஒட்டி வந்தால் எடுத்துக்கொள்வார்கள். அப்படி வந்தவர்கள் அத்திப் பூ மாதிரி.

பெட்டிக்கு முன்னால் பெர்னதெத் தன் சொந்தச் சல்லடை ஒன்றை வைத்திருந்தாள். வந்தவனை நடையில் தொப்பியோடு காக்க வைத்துவிட்டு, எதிர்பாராத நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவாள். பதறியெழும் கை சல்யூட் அடிக்கும். தரைப்படைக்காரனின் உள்ளங்கை முன்பக்கம் பார்த்து விரிந்திருக்கும். கடற்படைக்காரனின் உள்ளங்கை தரையைப் பார்க்கும். அந்தக் காலத்தில் கப்பல் கயிற்றில் தார் பூசுவார்கள், அழுக்குக் கையை மேலதிகாரிக்குக் காட்டக் கூடாதென்று கவிழ்த்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. விமானப்படைக்காரன் கை இரண்டுக்கும் நடுவில் சாய்ந்து நிற்கும். எங்கள் மனசில் பேதமே இல்லை மேடம் என்று வாய் சொல்லும். கை தன் வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அன்று அப்படிக் கதவைத் திறந்தபோது எழுந்து நின்றவன் ரெமி. அவளுடைய தம்பி. கடற்படை லெப்டினன்ட் கமாண்டர் ரெமிஜியுஸ். உள்ளங்கை தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தது, வாய் காதுவரை சிரித்தது.

"பெயில்" என்றாள் பெர்னதெத்.

"மேடம், ஒரு டீயாச்சும் கிடைக்குமா?"

அவன் பெயில் ஆவான் என்று அவளுக்கு முன்பே தெரியும். அம்மா அவனைப் பெற்றுப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். அப்பா ஹவில்தார் கஸ்பார் எல்லையில் இருந்தார். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெர்னதெத்தான் தம்பிக்குச் சோறூட்டினாள், பேன் பார்த்தாள், வாத்தியார் கூப்பிட்டு அனுப்பினால் போய்த் தலை குனிந்து நின்றாள். வளர்ந்தபின் வீட்டில் மூன்று படையும் கூடிவிட்டது. கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு முன்னால் ரெமி அப்பாவுக்கு முன் விறைப்பாக நின்று கப்பல்காரன் சல்யூட் அடிப்பான். "உள்ளங்கையில என்னல ஒளிச்சு வச்சிருக்க? தாரா? கழுவிட்டு வால" என்பார் அப்பா. ஒவ்வொரு வருஷமும் இதே கூத்து, இதே சிரிப்பு. அப்பா செத்தபிறகும் ரெமி விடவில்லை. கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, கல்லறைக்கு முன்னால் நின்று உள்ளங்கையைக் கவிழ்த்து சல்யூட் அடிப்பான். பெர்னதெத் அப்பாவின் குரலில், "கழுவிட்டு வால" என்பாள். இரண்டு பேரும் அழுகிற கண்ணோடு சிரிப்பார்கள்.

டீ வந்தது. ரெமி அதைத் தொடவில்லை.

"எக்கா, புதுசா ஏதோ ஊசி வந்திருக்காமே. எண்ண இறக்கிருதாம்."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன? எனக்குப் போட்டு விடு."

"ஏல, நீ கப்பல்காரன். கப்பல்லயே கெட. நல்லாத்தான இருக்க?"

ரெமி கோப்பையைத் தள்ளி வைத்தான். சிரிப்பெல்லாம் போயிருந்தது.

"முத்துத்திட்டுல எங்க கப்பல் வெளிய நின்னுச்சுல்லா. நாந்தான் ரேடியோ பக்கத்துல இருந்தேன். தீவுலேருந்து ஒருத்தன் பேசிக்கிட்டே இருந்தான்க்கா. திண்டுக்கல் பக்கம். நான் தமிழ்னு தெரிஞ்சதும் தமிழ்லயே பேசினான். வந்துருவீங்கல்ல சார், வந்துருவீங்கல்லன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். திரும்பிப் போகலாம்னு கேப்டன் சொன்னாரு பாரு, அப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

"எப்படி இருந்துச்சு?"

"சந்தோசமா இருந்துச்சுக்கா. நம்ம பயலுவ தப்பிச்சிட்டானுவன்னு. பிஜு தப்பிச்சிட்டான்னு. தீவுல அவன் இன்னும் பேசிக்கிட்டு இருக்கான், நான் சந்தோசப்படுதேன். அந்தச் சந்தோசத்த என்னால தாங்க முடியல. அத எடுத்து விடு."

பிஜு அவனோடு பயிற்சியில் ஒரே அறையில் கிடந்தவன், கொல்லத்துக்காரன். கிறிஸ்துமஸுக்குத் தூத்துக்குடி வந்து பெர்னதெத் வைக்கும் குழம்பைக் குறை சொல்லிக்கொண்டே மூன்று தட்டுச் சாப்பிடுகிறவன். அவன் மகளுக்கு ரெமிதான் ஞானத்தகப்பன்.

பெர்னதெத் முடியாது என்றாள். அன்று முழுதும் முடியாது என்றாள். மறுநாள் டாக்டர் இளம்பரிதியைப் போய்ப் பார்த்தாள். சமன் ஊசியைப் போடுகிறவர் அவர். கோபிசெட்டிபாளையத்துக்காரர், பூனைக்குட்டிக்குக்கூட மரியாதை கொடுத்துப் பேசுவார்.

"இந்த ஊசி என்ன பண்ணும் டாக்டர்? மத்த ஆளையும் நம்ம ஆளு மாதிரி நினைக்க வைக்குமா?"

"அப்படித்தானுங்க மேடம் நெனைக்கறோம். போட்டவங்களுக்கெல்லாம் எண்ணு சுழியத்துக்கு வந்துருதுங்க. மேலிடத்துல ஆளு கேட்டுட்டே இருக்காங்க. இயற்கையா கெடைக்கறவங்கள வெச்சு ஒரு அறையக்கூட ரொப்ப முடியாதுங்களே."

நினைக்கிறோம் என்றுதான் அவர் சொன்னார். ஊரையே சோதித்துப் பார்க்கும் பெர்னதெத் அந்தச் சொல்லைச் சோதிக்காமல் விட்டாள். தம்பியின் தூக்கம் அவளுக்குப் பெரிதாகத் தெரிந்தது. தீவில் கிடந்தவனையும் தன் வீட்டுப் பிள்ளையாக நினைக்கப் போகிறான், மனசு விரியப் போகிறது, இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். தலைமைத் தேர்வாளர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் அவள்தான் கையெழுத்திட்டாள்.

ஊசி போட்டபிறகு ரெமி நன்றாகத் தூங்கினான். நிதானமாகப் பேசினான். சமையல்கார அண்ணாச்சியில் இருந்து ஜெனரல் வரை எல்லோரிடமும் ஒரே பணிவு. நடையில் நிற்க வைத்துக் கதவைத் திறந்தார்கள். தரைப்படைக்காரர் வெளியே வந்தால் அவன் உள்ளங்கை முன்னால் விரிந்தது, விமானப்படைக்காரர் வந்தால் சாய்ந்தது. காக்கை எண் சுத்த சுழியம். பெர்னதெத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. தேர்வகத்துக்கே லட்டு வாங்கிக் கொடுத்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் வடக்குக் கடலில் மறுபடி மோதல் வந்தது. நடு நாற்காலியில் ரெமி இருந்தான். எதிரியின் தாக்குதல் ஒரு பக்கம் திரும்பினால்தான் கரையில் சிக்கியிருந்த தரைப்படையினரை விமானங்கள் தூக்கிவர முடியும். ஒரு கப்பலை இரையாக முன்னால் நிறுத்தினால் திரும்பும். எந்தக் கப்பல் என்று அவன்தான் சொன்னான். பக்கத்தில் இருந்த கப்பலைச் சொன்னான், கணக்குப்படி அதுதான் சரி. அதில் பிஜு இருந்தான்.

கரையில் இருந்த அத்தனை பேரும் உயிரோடு வந்தார்கள். முத்துத்திட்டின் கறை போயிற்று என்று தொலைக்காட்சிகள் கத்தின. ரெமிக்குப் பதக்கம் அறிவித்தார்கள். பெர்னதெத் அவனுக்குப் போன் போட்டாள்.

"ரெமி... பிஜு..."

"ஆமாக்கா. போயிட்டான்."

"நீ எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்க?"

அழுகையை அடக்குகிறான் என்று முதலில் நினைத்தாள். "அழணும்னா அழுதுருல. எங்கிட்ட என்ன?"

"இல்லக்கா, அப்படி ஒண்ணும் இல்ல. இப்பத்தான் சாப்பிட்டேன். வஞ்சிரம் போட்டிருந்தாங்க, நல்லா இருந்துச்சு."

"கரையிலேருந்து வந்த பயலுவளப் பாத்தியா? அத்தன உசிரக் காப்பாத்திருக்க. சந்தோசமா இருக்கால?"

மறுமுனையில் அவன் உண்மையாகவே யோசித்துப் பார்த்தான். "வேல முடிஞ்சிச்சு. அம்புட்டுதான்க்கா."

பெர்னதெத் போனை வைத்துவிட்டு நேராக டாக்டரின் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

"கழிச்ச பிறகு வர்ற எண்ணத்தான திரையில காட்டுது. கழிக்கிறதுக்கு முன்னால ரெண்டு அளவும் பெட்டிக்குள்ள இருக்கும்ல? ரெமியோடத எடுங்க."

"அத யாரும் பாக்கறதில்லீங்களே மேடம்."

"நான் பாக்கணும்."

டாக்டர் தேடி எடுத்தார். எடுத்ததைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிப் பார்த்தார். ஊசிக்கு முன்னால் சொந்தப் படைக்காரன் முகத்துக்கு ரெமியின் மனம் துடித்த துடிப்பு கூரையைத் தொட்டிருந்தது. வேறு படைக்காரனுக்கு அதில் பாதி. ஊசிக்குப் பிறகு இரண்டு கோடுகளும் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தன.

"தராசுங்க மேடம்" என்றார் டாக்டர். "ரெண்டு தட்டும் சமமா நின்னா, ரெண்டுலயும் தங்கம் இருக்குதுன்னு நெனைச்சுட்டோம். ரெண்டுலயும் ஒண்ணுமே இல்லீன்னாலும் சமமாத்தானுங்க நிக்கும்."

"மத்தவங்களுக்கும்?"

ஊசி போட்ட மற்றவர்களின் அளவுகளையும் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் தரையில்தான் கிடந்தன. எல்லோரையும் தன் பிள்ளையாக நினைக்கிறவனையும், எவனையும் பிள்ளையாக நினைக்காதவனையும் அந்தப் பெட்டிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கழித்தலைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாதென்று தேர்வகத்தில் முடிவு செய்தவள் பெர்னதெத்தான். வேகமாக வேலை நடக்கட்டும் என்று செய்தாள்.

"திருப்ப முடியுமா டாக்டர்?"

"இல்லீங்க மேடம்" என்றார்.

அவள் மேலிடத்துக்குப் போனாள். டில்லியில் குளிரூட்டிய அறையில் உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார்கள். காபி கொடுத்தார்கள். "முத்துத்திட்டில் எல்லோருக்கும் பாசம் இருந்தது, மக்கள் செத்தார்கள். இப்போது பாசம் இல்லை, மக்கள் பிழைத்தார்கள். உங்களுக்கு எது வேண்டும்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். பிழைத்து வந்தவர்களின் வீட்டு முகங்களை நினைத்துப் பார்த்தாள். காபியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். ஊசி தொடர்ந்தது.

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு ரெமி விடுப்பில் தூத்துக்குடி வந்தான். வராமல் இருந்துவிடுவானோ என்று அவள் பயந்தாள், வந்தபோது வராமலே இருந்திருக்கலாமோ என்றும் நினைத்தாள். மாலையில் இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். ஊரே அங்கேதான் இருந்தது. சாமந்தியும் ஊதுவத்தியும் மணக்க, கல்லறைக்குக் கல்லறை மெழுகுவத்தி எரிந்தது. கடல் காற்றுக்குக் கையை அணைகட்டியபடி எல்லோரும் தத்தம் அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள்.

ரெமி அப்பாவின் கல்லறையில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினான். பிறகு விறைப்பாக நின்றான். 'கழுவிட்டு வால' என்ற வார்த்தை பெர்னதெத்தின் நாக்கு நுனியில் நின்றது.

கை உயர்ந்தது. உள்ளங்கை முன்னால் பார்த்து முழுசாக விரிந்திருந்தது. தரைப்படைக்காரன் ஒருவன் முறைப்படி அடிக்கிற, குற்றம் சொல்ல முடியாத சல்யூட். அப்பா உயிரோடு இருந்தவரை மகனிடம் ஒருநாளும் பார்க்காத சல்யூட்.

அவள் அந்த வார்த்தையை விழுங்கினாள். அது கல் மாதிரி உள்ளே இறங்கியது.

ரெமி அடுத்த கல்லறைக்குப் போய் அங்கேயும் ஒரு மெழுகுவத்தி ஏற்றினான். அதற்கடுத்த கல்லறைக்கும் ஏற்றினான். கேட்பாரற்று, பெயர் அழிந்து கிடந்தவற்றுக்கும் ஒவ்வொன்று. மெழுகுவத்திப் பெட்டியில் இருந்தது தீரும்வரை வரிசையாக ஏற்றிக்கொண்டே போனான். எந்தக் கல்லறை முன்னாலும் ஒரு நொடி கூடவோ குறையவோ நிற்கவில்லை. "யாரு பெத்த பிள்ளையோ, என்னா மனசு பாருங்க!" என்று பக்கத்தில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெர்னதெத்துக்கு அந்த அம்மாளின் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் கேட்டேவிட்டாள்.

"ரெமி, எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஒனக்குக் கஷ்டமா இருக்காதால?"

அவன் நின்று யோசித்தான். பொய் சொல்ல அவனுக்குக் காரணம் இல்லை.

"எல்லாருக்கும் இருக்குத அளவுக்கு இருக்கும்க்கா."

கொஞ்ச தூரம் நடந்தபிறகு, ஞாபகம் வந்தவனாகச் சொன்னான். "ஒங்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். தேர்வாளர்களுக்கும் ஊசி போடணும்னு நாந்தான் மேல எழுதிக் கொடுத்தேன். சாயுத கையி ஆளெடுத்தா சரிப்படாதுல்லா. என் கேஸுல நீ சாஞ்சது தப்புதான்க்கா. நான் பெயில், நீ அப்படியே விட்டிருக்கணும்."

அவன் குறை சொல்லவில்லை. கணக்கில் ஒரு பிழையைக் காட்டுகிறவன் மாதிரிச் சொன்னான். பெர்னதெத் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். அவன் அவளுக்காகக் காத்து நின்றான், பின்னால் வந்த முன்பின் தெரியாத கிழவருக்கும் ஒதுங்கி வழி விட்டான்.

உத்தரவு டிசம்பரில் வந்தது. வேண்டாமென்றால் வேலையை விட்டுப் போகலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. அவள் ராஜினாமா எழுத உட்கார்ந்தாள். வெளியே போய் என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரெமி போன் செய்கிறான். சாப்பிட்டியா என்று கேட்கிறான். சாப்பிட்டேன் என்கிறாள். உடம்பு எப்படி இருக்கு என்கிறான். நல்லா இருக்கு என்கிறாள். போனை வைத்தபிறகு அந்த நாளை எப்படிக் கடப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எப்படி ஒப்பாரி வைப்பது, யாரிடம் போய்த் துக்கம் சொல்வது? கையெழுத்துப் போட்டு அவனை அனுப்பி வைத்த இடத்துக்குத் தானும் போய்விடுவதுதான் நியாயம் என்று பட்டது. காகிதத்தைக் கிழித்துப் போட்டாள்.

டாக்டர் இளம்பரிதி அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். ஊசிக்கு முன்னால் ஒருமுறை அளந்து வைப்பது வழக்கம். கவசத்தை மாட்டினார். சொந்தப் படைக்காரன் முகம் அவளுக்குச் சரிப்படாது என்று அவராகவே ஒரு முகத்தை மாற்றி வைத்திருந்தார். ரெமியின் பழைய படம், கிறிஸ்துமஸ் அன்று எடுத்தது. காதுவரை சிரிப்பு.

எண் வந்ததும் டாக்டர் கவசத்தின் இணைப்பைச் சரிபார்த்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார்.

"இந்தப் பெட்டியில இவ்வளவு பெரிய எண்ணு வரும்னே எனக்குத் தெரியாதுங்க மேடம்."

கவசத்துக்குள் இருந்து பெர்னதெத்தின் கண்ணீர் கன்னத்தில் இறங்கி, கழுத்து வழியாகச் சீருடைக்குள் போயிற்று. டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார்.

"வேண்டாங்க மேடம். எந்திரிச்சுப் போயிருங்க. நான் ஏதாவது சொல்லிக்கறனுங்க."

"போடத்தான் போறீங்க டாக்டர். ஒரு அஞ்சு நிமிஷம் மட்டும் கொடுங்க."

"எதுக்குங்க?"

"இதுக்கப்புறம் அவனுக்காக அழ ஆள் கிடையாது. இருக்கிறப்பவே அழுதுக்கிறேன்."

டாக்டர் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றார்.